‘டேங்க்’ என்னும் சொல்லும் நம் நீர்நிலைகளும்

முன்னுரை

ஒரு மொழியிலுள்ள சொல்லை மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்ல விழைவோர் முதற்கண் அகராதியையே நாடுகின்றனர். நாடுவது முறையே. ஆயினும் அகராதி காட்டுவது சொற்பொருளின் வாயிலை மட்டுமே. உள்ளே புகுந்து காண்பதற்கு வழக்கறிவு வேண்டும். இவ்வுண்மையை விளக்குதற்கு மிக அரிய சொல்லொன்றைத் தேட வேண்டுவதில்லை. பள்ளிப் பிள்ளைகளும் நாள்தோறும் வழங்கும் ‘டேங்க்’ என்னும் ஆங்கிலச் சொல்லே போதுமானது.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடிவாரத்தில் நீராழி மண்டபத்தோடு திகழும் தெப்பக்குளம் ஆங்கில நூல்களில் ‘டேங்க்’ எனப்படுகிறது. காவிரிக்கு அப்பால், திருவரங்கப் பெருங்கோயிலின் சந்திர புஷ்கரணியும் ‘டேங்க்’ எனப்படுகிறது. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும் ஹவுளுக்கும் அதே பெயர். பொன்மலைப்பட்டியை அடுத்த மாவடிக்குளத்திற்கும் அதே பெயர். வீட்டு மாடியில் நிற்கும் நெகிழித் தொட்டியும், மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் ஊற்றும் கலனும், போர்க்களத்தில் குண்டு பொழிந்து செல்லும் இரும்பு ஊர்தியும் ‘டேங்க்’ என்றே சுட்டப்படுகின்றன. இத்துணைப் பொருள்கள் ஒரு சொல்லுக்குள் எங்ஙனம் குடியேறின? அவற்றைத் தமிழில் எங்ஙனம் பிரித்துரைப்பது? பிரித்துரையாவிடின் நாம் இழப்பது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் வந்த வழி

‘டேங்க்’ என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொல் அன்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிற்கு வந்த ஆங்கில வணிகர், பயணிகள் ஆகியோரின் எழுத்துகள் வாயிலாகவே அது அம்மொழிக்குள் பரவிற்று. மேற்கு இந்தியாவின் குசராத்தி, மராத்தி மொழிகளில் நிலத்தடி நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் ‘டாங்க்கு’, ‘டாங்க்கே’ போன்ற சொற்களே அதன் மூலம் என்பர் ஒரு சாரார். போர்ச்சுகீசிய மொழியில் குளத்தைக் குறிக்கும் ‘தாங்க்கே’ என்னும் சொல்லையும் சேர்த்தெண்ணுவர் மற்றொரு சாரார். போர்ச்சுகீசியச் சொல், தேங்கிய நீரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இவ்விரு சொற்களும் மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் ஒன்றையொன்று தழுவி நின்று ஆங்கிலேயர் நாவில் ஒன்றாயின என்று கொள்ளுதல் பொருந்தும்.

ஆங்கிலத்தில் வழங்கும் இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதியும் இச்சொல்லின் பிறப்பை விரிவாக ஆராய்கிறது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான ஏ. சி. பர்னல் நம் அண்டையிலுள்ள தஞ்சையில் நீதிபதியாகப் பணியாற்றியவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் ‘தாங்கல்’ என்னும் சொல் உள்ளது. அது நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரியைக் குறிக்கும். ஒலியும் பொருளும் ஒத்திருத்தலின் ‘தாங்கல்’ என்பதே ‘டேங்க்’ ஆயிற்று என்று கூற நெஞ்சம் விழையும். ஆனால் ஒலியொப்புமை மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது. சொல் எந்தத் துறைமுகத்தில், எக்காலத்தில், எம்மக்கள் வாயிலாகப் பெயர்ந்தது என்னும் வரலாறும் உடன்வர வேண்டும். ‘டேங்க்’ பெயர்ந்த வழி மேற்குக் கரையைச் சுட்டுகின்றதே அன்றித் தமிழகத்தைச் சுட்டவில்லை. தமிழின் பெருமைக்கு மெய்யான சான்றுகள் பல இருக்க, ஐயத்திற்கிடமானதைச் சேர்த்தல் வேண்டா.

அம்மெய்யான சான்றுகள் இதே துறையிலேயே கிடைக்கின்றன. சென்னை மாகாணத்தின் பாசன ஆவணங்களில் ‘அனிகட்’ என்பது அணைக்கட்டு. ‘அயகட்’ என்பது ஆயக்கட்டு. ‘கலிங்குலா’ என்பது கலிங்கு. இம்மூன்றும் தமிழ் உழவரிடமிருந்தும் நீர் மேற்பார்வையாளரிடமிருந்தும் ஆங்கிலப் பொறியாளர் கற்றுக்கொண்ட சொற்களாகும். கல்லணையை ‘கிராண்ட் அனிகட்’ என்றும், 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் எடுப்பித்த அணையை ‘அப்பர் அனிகட்’ என்றும் அவர்கள் வழங்கினர். உறுப்புகளின் பெயரைத் தமிழிலிருந்து பெற்றவர்கள், முழுமையான நீர்நிலைக்கு மட்டும் தாம் முன்னமே கையில் கொண்டுவந்த ‘டேங்க்’ என்னும் பெயரையே இட்டனர். பின்வந்த குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கப்பலேறிச் சென்று போருடை தரித்த சொல்

இந்தியாவில் ‘டேங்க்’ என்றால் மண்ணில் அமைந்த நீர்நிலை. அச்சொல் இங்கிலாந்தில் நிலைபெற்றபோது நீரையோ எண்ணெயையோ நிரப்பி வைக்கும் பெருங்கலன் என்னும் பொருளே அங்கு மேலோங்கிற்று. ஆகவே ‘டெம்பிள் டேங்க்’ என்னும் தொடரைக் கேட்கும் இலண்டன் வாசகர், கோயிலின் கூரைமேல் நிற்கும் இரும்புப் பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளக்கூடும். நமக்கோ படித்துறையும் நீராழி மண்டபமும் தெப்பமும் கண்முன் தோன்றும். சொல் ஒன்று, தோற்றம் இரண்டு.

முதல் உலகப் போரின்போது இச்சொல் மூன்றாவது பொருளையும் பெற்றது. பதுங்கு குழிகளைக் கடந்து செல்லத்தக்க கவச ஊர்தி இங்கிலாந்தின் லிங்கன் நகரில் மறைவாக உருவாக்கப்பட்டது. பகைவர் ஐயுறாவண்ணம் அதனை நீர் கொண்டுசெல்லும் கலன் என்று புனைந்துரைத்தனர். அதற்கேற்ப 1915ஆம் ஆண்டின் இறுதியில் ‘டேங்க்’ என்னும் மறைபெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1916 செப்டம்பர் 15ஆம் நாள் பிரான்சு நாட்டின் சோம் போர்முனையில் அவ்வூர்தி முதன்முதலாகக் களமிறங்கியது. மறைவு நீங்கிய பின்னும் பெயர் நீங்கவில்லை.

அப்பெயரே தமிழ் நாளிதழ்களில் ‘டாங்கி’ என வந்து சேர்ந்தது. இந்திய மண்ணில் நீர்நிலைக்குப் பெயராய் இருந்தது கடல் கடந்து சென்று போர்க்கருவிக்குப் பெயராகி, மீண்டும் இந்தியாவிற்கே திரும்பிற்று. ஆவடியில் இவ்விரு பொருளையும் ஒருசேரக் காணலாம். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் அர்ஜுனும் ‘டேங்க்’. அவ்வூரின் பருத்திப்பட்டு ஏரியும் பழைய ஆங்கில வழக்கில் ‘டேங்க்’. தமிழில் ஒன்று டாங்கி, மற்றொன்று ஏரி. குழப்பத்திற்கு இடமேயில்லை.

ஒரு சொல்லுக்குள் அடங்காத பல நீர்நிலைகள்

தமிழில் நீர்நிலைகளின் பெயர்கள் பல. நிகண்டு நூலார் அவற்றைத் தொகுத்துரைத்துள்ளனர். ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி, பொய்கை, வாவி, கேணி, சுனை என அவை விரியும். இவற்றுட் பல இன்றும் மக்கள் நாவில் வாழ்கின்றன. வட்டாரத்திற்கு வட்டாரம் மாறுபடவும் செய்கின்றன. பாசனத்திற்கென நீரைத் தேக்கும் பெரிய நீர்நிலையை வட மாவட்டத்தார் ஏரி என்பர். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதியினர் கண்மாய் என்பர். திருநெல்வேலிப் பகுதியினர் குளம் என்பர். ஈழத் தமிழரும் குளம் என்றே வழங்குவர். மன்னார் மாவட்டத்துக் கட்டுக்கரைக் குளம் ஆங்கிலத்தில் ‘ஜயண்ட்ஸ் டேங்க்’ எனப்படுகிறது. இவையனைத்திற்கும் ஆங்கில ஆவணங்கள் கொடுத்த பெயர் ‘டேங்க்’ என்னும் ஒன்றே.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலும் ஏரிக்கும் குளத்திற்கும் பொருளுரைக்க இச்சொல்லே பயின்று வருகிறது. அகராதி ஆசிரியர்மீது குறை கூறுவதற்கில்லை. அக்காலத்துச் சென்னை மாகாண ஆங்கிலத்தில் அதுவே பொருத்தமான சொல்லாகும். ஆனால் அவ்வகராதியைத் தலைகீழாகப் பயன்படுத்தி, ஆங்கிலத்தில் ‘டேங்க்’ என்று கண்ட இடமெல்லாம் ‘குளம்’ என்றோ ‘தொட்டி’ என்றோ எழுதுவோமாயின் பிழை நேரும். தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது பல பெயர்கள் ஒன்றாகச் சுருங்குகின்றன. ஆங்கிலத்திலிருந்து திரும்பி வரும்போது அவ்வொன்று தானே பலவாக விரிந்துவிடுவதில்லை. விரிப்பது மொழிபெயர்ப்பாளனின் கடமை.

திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். உலகம் விரும்ப வாழும் பேரறிவாளனின் செல்வத்திற்கு வள்ளுவர் உவமையாக எடுத்தது ஊருணி. 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ஜி. யு. போப்பின் மொழிபெயர்ப்பு அதனை ‘லேக்’ என்று பெயர்த்தது. ட்ரூ, லாசரஸ் பெயரில் வழங்கும் உரைநடை மொழிபெயர்ப்பு ‘சிட்டி-டேங்க்’ என்று பெயர்த்தது. முன்னது இயற்கையான பெருநீர்ப் பரப்பைக் காட்டுகிறது. பின்னது நகரத்து நீர்த்தேக்கத்தைக் காட்டுகிறது. போப், ஊரின் தேவையை நிறைவேற்றும் நீர் என்னும் விளக்கத்தையும் உடன் சேர்த்தே எழுதினார். எனினும் ஊரார் உண்ணும் நீர் என்பது ஊருணி என்னும் பெயருக்குள்ளேயே அமைந்து கிடத்தலை இரு ஆங்கிலச் சொற்களும் தனித்து நின்று உணர்த்த இயலவில்லை. உவமையின் உயிர் அப்பெயரில் உள்ளது. ஊருணி நீருக்கு உடையவன் என்று ஒருவனும் இல்லை. உண்பவர் அனைவரும் உடையவரே. செல்வத்திற்கு ஊருணி உவமையாயிற்றேயன்றி வெறும் நீர்ப்பரப்பு உவமையாகவில்லை.

பள்ளிவாசல் ஹவுளையும் இங்கு எண்ணிப்பார்த்தல் தகும். ‘ஹவ்ள்’ என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வழக்கே ஹவுள். தில்லியில் அலாவுதீன் கில்ஜி காலத்தில் வெட்டப்பட்ட நீர்த்தேக்கத்தின் பெயரால் வழங்கும் ‘ஹவுஸ் காஸ்’ பகுதியிலும் அதே சொல் விளங்குகிறது. தில்லியில் அது ஒரு பெருநீர்த்தேக்கம். நம்மூரில் ஒளுச் செய்வதற்குரிய நீர்நிலை. ஹவுளைத் ‘தொட்டி’ என்று பெயர்த்தால் அளவு புலப்படலாம், பயன் புலப்படாது. சந்திர புஷ்கரணியைத் ‘தொட்டி’ என்பதும் அத்தகையதே. ஆகவே இத்தகைய இடங்களில் மக்கள் வழங்கும் பெயரை அவ்வாறே நிறுத்துதல் மொழிபெயர்ப்பின் குறையன்று, அதுவே மொழிபெயர்ப்பு.

பயிற்சி முறை

‘டேங்க் நிரம்பிவிட்டது’ என்னும் சிறு செய்தியை எடுத்துக்கொள்வோம். மாடித் தொட்டி நிரம்பிற்று எனின், மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பது கருத்து. ஏரி நிரம்பிற்று எனின், கலிங்கு வழியே மிகைநீர் பாயும், கரையைக் காக்க வேண்டும், நடவுக்கு ஆயத்தமாகலாம் என்பது கருத்து. தெப்பக்குளம் நிரம்பிற்று எனின், தெப்பம் விடத் தடையில்லை என்பது கருத்து. செய்தி ஒன்றாயினும் செயல் மூன்றாகிறது. எனவே ஆங்கிலத்தில் இச்சொல்லைக் காணும் மாணவர் பின்வரும் நான்கு வினாக்களைத் தம்முள் எழுப்பிக்கொள்வது நலம்.

முதலாவது: அது நிலத்தில் அமைந்ததா, செய்து வைக்கப்பட்ட கலனா? கலனாயின் தொட்டி என்பது பொதுவாகப் பொருந்தும். மீன் வளர்ப்பது மீன்தொட்டி. ஊருக்கு உயரத்தில் நின்று குடிநீர் தருவது மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. ஊர்தியில் உள்ளது எரிபொருள் கலன். பேச்சில் ‘வாட்டர் டேங்க்’, ‘பெட்ரோல் டேங்க்’ என்று மக்கள் வழங்குவதைக் கதைகளிலும் உரையாடல்களிலும் அவ்வாறே எழுதுவதில் இழுக்கில்லை.

இரண்டாவது: நிலத்தில் அமைந்ததாயின் அதன் பயன் யாது? பாசனமா, குடிநீரா, நீராடலா, வழிபாடா? ‘டேங்க் இரிகேஷன்’ என்பது ஏரிப்பாசனம். ‘டெம்பிள் டேங்க்’ என்பது திருக்குளம் அல்லது தெப்பக்குளம். குடிநீர்க்கென அமைந்தது ஊருணி.

மூன்றாவது: அவ்வூரார் அதனை எப்பெயரால் அழைக்கின்றனர்? இவ்வினாவே தலையாயது. பாசன நீர்நிலை ஏரி என்று பொதுவிதி வகுத்துக்கொண்டு மாவடிக்குளத்தை ‘மாவடி ஏரி’ என்றும், மதுரை மாவட்டத்துக் கண்மாய்களை ‘ஏரி’ என்றும் எழுதுதல் தகாது. விதி வழக்கிற்குப் பின்னதேயன்றி முன்னதன்று.

நான்காவது: சொல் உருவகமாக வந்துள்ளதா? ‘திங்க் டேங்க்’ என்பது சிந்தனையாளர் குழு. அங்கே நீருமில்லை, தொட்டியுமில்லை. பங்குச் சந்தை விலை ‘டேங்க்’ ஆயிற்று என்று வினையாக வரின், கடுமையாகச் சரிந்தது என்பதே பொருள்.

பெயரும் காப்பும்

இத்துணை நுணுக்கம் மொழிபெயர்ப்போர்க்கு மட்டுமே உரியதன்றோ என்று சிலர் வினவக்கூடும். அன்று. சொல் தவறின் பொருளும் தவறும் என்பதற்கு நீர்நிலைகளின் வரலாறே சான்றாக நிற்கிறது.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய், குளங்கள் ‘டேங்க்’ என்னும் தலைப்பில் கணக்கிடப்பட்டுள்ளன. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடையவை பொதுப்பணித் துறையிடமும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருத்தல் நெடுநாளைய முறையாகும். 2021ஆம் ஆண்டில் நீர்வளத் துறை தனித்துறையாகப் பிரிந்தது. 2007ஆம் ஆண்டில் ‘டேங்க்’ என்னும் சொல்லைத் தலைப்பிலேயே கொண்டு ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமொன்று தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டிலும் மேலாண்மையிலும் உள்ள ஏரிகளுக்கென்றே அச்சட்டம் அமைந்தது. ஊர் நடுவே உள்ள ஊருணியும், சிற்றூராட்சியின் சிறுகுளமும், கோயில் தெப்பக்குளமும் பேச்சு ஆங்கிலத்தில் ‘டேங்க்’ ஆயினும் அச்சட்டத்தின்படி ‘டேங்க்’ ஆகா. அவற்றுக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் போன்ற வேறு சட்டங்களின் துணையை நாட வேண்டும். ஆகவே தம் ஊர்க் குளத்தைக் காக்க மனு எழுதப் புகுவோர், அதன் பெயரையும் வகையையும் உடைமையையும் தெளிவாகக் குறித்தால்தான் மனு சென்று சேர வேண்டிய மேசைக்குச் சேரும்.

மற்றொரு தீங்கும் உண்டு. தொட்டி என்பது தனித்து நிற்கும் கலன். ஆழமாக்கினால் கொள்ளளவு கூடும். ஏரி அத்தகையதன்று. மழைநீர் வந்து சேரும் வரத்துக் கால்வாய், தாங்கி நிற்கும் கரை, நீரை அளந்து விடும் மதகு, மிகைநீரை வெளியேற்றும் கலிங்கு, பயன்பெறும் ஆயக்கட்டு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஏரி. ‘டேங்க்’ என்னும் சொல்லைக் கேட்டுத் தொட்டியை மனத்திற் கொண்டவர், தூர் வாரினால் போதும் என்று எண்ணிவிடுகிறார். வரத்துக் கால்வாய் அடைபட்டிருப்பின் எத்துணை ஆழம் தோண்டினும் நீர் வந்து சேராது. கலிங்கு அடைபட்டிருப்பின் வந்த நீர் கரையை உடைக்கும். உறுப்புகளின் பெயர்களை அறிந்தவனே உடலின் நோயை அறிவான்.

சென்னையில் மாம்பலத்தை ஒட்டிக் கிடந்த நீண்ட ஏரி ஆங்கிலத்தில் ‘லாங் டேங்க்’ எனப்பட்டது. 1920களில் அந்நீர்நிலை நீக்கப்பட்ட நிலத்தில் எழுந்ததே தியாகராய நகர். இன்று அப்பகுதியில் ‘லேக் வியூ’ எனவும் ‘டேங்க் பண்டு’ எனவும் தெருப்பெயர்கள் எஞ்சியிருக்கின்றன. ஏரி இல்லை, ஏரியைப் பார்த்திருந்த தெருவும், ஏரிக்குக் கரையாய் இருந்த தெருவும் உள்ளன. அப்பெயர்களும் தமிழில் இல்லாமையின் நாள்தோறும் அவ்வழியே நடப்போருட் பலர் அங்கோர் ஏரி இருந்ததை உணர்வதில்லை.

முடிவுரை

‘டேங்க்’ என்னும் சொல் தீயதன்று. இந்திய மண்ணிலிருந்து ஆங்கிலம் பெற்ற நல்ல சொற்களுள் அதுவும் ஒன்று. அதனைத் தமிழிலிருந்து விரட்ட வேண்டும் என்பது நம் கருத்துமன்று. மாடித் தொட்டியை ‘டேங்க்’ என்று அழைப்பதால் எவர்க்கும் கேடில்லை. ஏரியையும் ஊருணியையும் தெப்பக்குளத்தையும் ஹவுளையும் அவ்வொரு சொல்லுக்குள் அடைத்துவிட்டு, அவற்றின் பெயர்களை நாமே மறந்துபோவதுதான் கேடு.

மாணவர்கள் இவ்விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் செல்லுங்கால் ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். ஊரிலுள்ள நீர்நிலைகளின் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதுக. மதகுக்கும் கலிங்குக்கும் வரத்துக் காலுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களையும் கேட்டு எழுதுக. எது யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வினவி அருகே குறித்துக்கொள்க. அகராதியில் இடம்பெறாத சில சொற்களேனும் அத்தொகுப்பில் கிடைக்கும். அச்சொற்கள் தமிழ்த்துறைக்குச் செல்வமாகும். அக்குறிப்புகள் ஊருக்குக் காப்பாகும்.